அண்டாவா, பனியனா?

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிறது. பெரம்பலூரில் போய் நின்றால், "அரியலூர் பக்கமா?" என்பார்கள். அரியலூரில் இறங்கினால், "பெரம்பலூர் ஆளா?" என்பார்கள். சோளமும் பருத்தியும் போக, சிமென்ட் லாரிப் புழுதியில் வளரும் இன்னொரு பயிர் எங்கள் ஊரில் உண்டு. கபடி.

நான் கபடி ஆடுபவன் இல்லை. பள்ளிக்கூட நாளில் ஒரே ஒரு தடவை பாடிப் போனேன். மூன்றாவது 'கபடி'க்கே மூச்சு நின்று, நடுக்கோட்டைத் தாண்டாமலே அவுட் ஆனேன். நடுவருக்குச் சிரிப்பு அடங்க அரை நிமிஷம் ஆயிற்று. அப்புறம் நான் பி.காம். முடித்தேன். "கணக்கு படிச்ச புள்ள" என்று ஊர்க் கபடிக் குழுவின் நோட்டுப் புத்தகத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். பதினைந்து வருஷமாக வரவு, செலவு, ஸ்கோர் ஷீட் எல்லாம் நான்தான்.

இந்தத் தடவை திருவிழாவுக்குப் பக்கத்து ஊரில் மின்னொளிக் கபடிப் போட்டி. முதல் பரிசு இருபதாயிரத்து ஒரு ரூபாய், கூடவே ஓர் அண்டா. அதே நாளில் மாவட்ட ஜூனியர் அணிக்கு ஆள் எடுப்பு. எங்கள் அணியில் பாடிப் போவதில் முதல் ஆள் என் சித்தப்பா பையன். வயது 18. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, நீங்க கணக்கு பாக்குறவரு. எது லாபம்னு சொல்லுங்க."

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் எங்கள் ஊரில் தீர்ப்பு சொல்லும் இடம் டீக்கடைதான். மறுநாள் காலை அவனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு என் பெரியப்பா தலைவர். அவர் எண்பதுகளில் மாவட்ட அணிக்கு ஆடியவர். 'திருச்சி மாவட்டம்' என்று முதுகில் எழுதிய பனியன் இன்னும் டிரங்குப் பெட்டியில் அந்துருண்டையோடு இருக்கிறது. பாவம், அதில்தான் ஒரு சிக்கல். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்தார்கள். 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002-ல் திரும்பச் சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். பெரியப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்காமலே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டார். எந்த மாவட்டத்துக்காக முட்டியைப் பெயர்த்துக்கொண்டாரோ, அந்த மாவட்டத்தில் இப்போது எங்கள் ஊரே இல்லை.

எதிர்க்கட்சி டீக்கடை அண்ணன். 1998-ல் ஊர் அணிக்குக் கேப்டன். அந்த வருஷம் ஜெயித்த பித்தளை அண்டாவில்தான் இன்றைக்கும் ஊர்க் கல்யாணத்துச் சாம்பார் கொதிக்கிறது.

"அண்டா எந்தப் பாத்திரக் கடையிலயும் கிடைக்கும்டா. அந்தப் பனியனைக் காசு குடுத்து வாங்க முடியுமா?" என்றார் பெரியப்பா.

"பனியனைப் போட்டுக்கிட்டு யாரோட ஆடினீங்க பெரியவரே? பத்து நாள் பழக்கம். நாங்க ஏழு பேரும் ஒரே கம்மாயில முங்கினவங்க. கார்னர்ல நிக்கிறவன் காலைப் பிடிச்சா, கவர்ல நிக்கிறவன் எப்ப பாய்வான்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவோம்" என்றார் அண்ணன்.

இரண்டும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் எனக்குத் தொந்தரவு.

*

இந்தச் சண்டை எங்கள் டீக்கடையோடு போகவில்லை. கொள்ளிடத்துக்கு அக்கரையில், தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டிக்காரர் தர்மராஜ் சேரலாதன். 2016 ஜூலையில் புரோ கபடியில் பாட்னா அணிக்குக் கேப்டனாக நின்று கோப்பை வாங்கினார். அப்போது வயது 41. நம்மில் பாதிப் பேர் அந்த வயதில் மாடிப்படி ஏறவே பாட வேண்டும். அதே வருஷம் அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. இறுதியில் ஈரானை 38-29 என்று ஜெயித்த இந்திய அணியிலும் அவர் இருந்தார். அண்டாவும் பனியனும் ஒரே வருஷத்தில்! எல்லாருக்கும் இப்படி வாய்க்குமா?

பணக் கணக்கைப் பார்த்தால் அண்டாதான் பெரிசு. 2014-ல் புரோ கபடி தொடங்கியபோது அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார், 12.80 லட்சம். 2023-ல் பவன் ஷெராவத் 2 கோடியே 60 லட்சத்தைத் தாண்டினார். அதற்கு முந்தின வருஷம் அவரை வாங்கியது நம்ம தமிழ் தலைவாஸ். 2 கோடியே 26 லட்சம் கொடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே, சில நிமிஷங்களில் முட்டியில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஒரு பி.காம்.காரனாக நான் மனம் நொந்தேன்.

பனியன் கட்சிக்கும் ஒரு கதை உண்டு. 1990 முதல் 2014 வரை ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடித் தங்கம் ஏழு முறையும் நமக்குத்தான். 2018-ல் ஜகார்த்தாவில் அரையிறுதியிலேயே ஈரான் நம்மை 27-18 என்று உட்கார வைத்தது. ஈரான் கேப்டன் ஃபாசல் அத்ராச்சலி யார்? நம்ம புரோ கபடியில் வருஷா வருஷம் ஆடி, நம்ம ஆட்களின் காலை எண்ணி வைத்திருந்தவர். கூலி கொடுத்து நாமே சொல்லிக் கொடுத்த பாடம்! அன்றைக்கு ஒவ்வொருவரும் எந்த கிளப்பில் எத்தனை லட்சம் வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. தங்கம் போச்சே என்றுதான் நாடே கேட்டது.

பெண்கள் விஷயத்தில் இந்தக் கேள்வியே வேறு. 2016-ல் புரோ கபடிக்காரர்கள் மூன்று அணிகளோடு பெண்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். அதோடு சரி. அதனால் அவர்களுக்குப் பனியன்தான் வழி. 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அப்புறம்தான் நகரமே அந்தப் பேட்டையின் பேரை மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்தது. எந்த அண்டாவும் அதைச் செய்திருக்காது.

ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் என்று ஓர் ஆட்டம். ஏறக்குறைய நம்ம கபடிதான், பந்து ஒன்று அதிகம். அங்கே குயின்ஸ்லாந்தில் பிறந்த ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்காக சிட்னி கிளப்புகளுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்காகச் சொந்த மண்ணையே எதிர்த்து ஆட வேண்டி வரும். 1980-ல் விதியை மாற்றி, அவனவன் சொந்த மாநிலத்துக்கே ஆடட்டும் என்றார்கள். 'ஒரே கிளப்பில் சம்பளம் வாங்குகிறவர்கள் நிஜமாகவா மோதிக்கொள்வார்கள்?' என்று பலருக்கும் சந்தேகம். முதல் ஆட்டத்தில் குயின்ஸ்லாந்து கேப்டன் ஆர்தர் பீட்சன், வயது 35, எதிரணியில் இருந்த தன் சொந்த கிளப் தோழர் மேல் கையை ஓங்கினார். சந்தேகம் தீர்ந்தது. குயின்ஸ்லாந்து 20-10 என்று ஜெயித்தது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "அவன் ஆம்பள" என்றார்.

*

தம்பிக்கு இதெல்லாம் பதில் இல்லையே. அதனால் எனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னேன்.

"இதோ பாரு. அரசாங்க வேலையில விளையாட்டுக்காரங்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு. அதுக்குச் சர்டிஃபிகேட் கேப்பாங்க. இந்தியாவுக்கு ஆடினா படிவம் 1. மாநிலத்துக்கு ஆடினா படிவம் 2. யுனிவர்சிட்டிக்கு ஆடினா படிவம் 3. பக்கத்து ஊர்ல அண்டா ஜெயிச்சதுக்குப் படிவம் கிடையாது. மாவட்டத்துக்கு எடுத்தாத்தான் மாநில ஆட்டத்துல உன்னைப் பாப்பாங்க. அது முதல் படி."

"அப்ப நம்ம டீம், அண்ணே?"

அதற்கு என் நோட்டில் பத்தி இல்லை. "நீ போ" என்றேன்.

போனான். அவனிடம் வேறு பனியன் இல்லாததால் எங்கள் ஊர்ப் பனியனையே போட்டுக்கொண்டு போனான்.

அன்றைக்கு ராத்திரி நான் ஸ்கோர் ஷீட்டோடு உட்கார்ந்திருந்தேன். அரையிறுதியை எப்படியோ தாண்டிவிட்டோம். இறுதியில் கடைசி இரண்டு நிமிஷம் பாடிப் போக எங்களிடம் ஆள் இல்லை. பெயின்ட் அடிக்கிற பையன் ஒருவன் போனான், போனஸ் கோட்டில் கால் வைப்பதற்குள் அமுக்கிவிட்டார்கள். இரண்டு பாயின்ட்டில் தோல்வி. அந்த இரண்டை என் கையால்தான் எழுதினேன். டீக்கடை அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் மறுநாள் எனக்குக் கடன் டீ கிடையாது என்று எழுதியிருந்தது.

கடைசி பஸ்ஸில் தம்பி வந்து இறங்கினான். நேரே திடலுக்கு வந்தவன் யார் முகத்தையும் பார்க்காமல், பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றான். எங்கள் கேப்டன் கொத்தனார் வேலை பார்க்கிறவர். முழங்கையில் மஞ்சள் பத்து போட்டுக்கொண்டிருந்தார்.

"எடுத்தாங்களாடா?"

"எடுத்தாங்கண்ணே. பன்னண்டு பேர்ல பதினோராவது."

"அப்பச் சரி. தோத்தது வீணாப் போகல" என்றார்.

இரண்டாம் பரிசு பத்தாயிரத்து ஒரு ரூபாய். வழக்கமாக ஏழு பேரும் பங்கு போட்டு, மிச்சத்தில் பிரியாணி. இந்தத் தடவை கேப்டன், "முதல்ல இவனுக்கு ஷூ எடு. மாநில ஆட்டம் மேட்ல நடக்கும், நம்ம மண்ணு இல்ல" என்றார். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பெயின்டர் பையன் மட்டும், "பிரியாணி?" என்றான். அதுவும் வந்தது, முட்டை பிரியாணியாக.

மறுநாள் நோட்டில் 'ஷூ - ரூ.1,800' என்று எழுதிவிட்டு, எந்தத் தலைப்பில் போடுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். டீக்கடை அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா, பனியனுக்குப் போற ஷூவே அண்டா போட்டிக் காசுலதான் வருது" என்று சொல்லி டீயை வைத்தார். கடன் டீதான்.

எனக்கு ஒன்று புரிந்தது. எது பெரிசு என்று ஆட்டக்காரனைக் கேட்டால் பனியன் என்றுதான் சொல்வான்; சொல்லும்போதே அவன் கண் அந்த ஆறு பேரைத் தேடும்.

மாவட்டப் பனியன் வந்ததும் தம்பி பெரியப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்கப் போனான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதுகைத் திருப்பச் சொன்னார்.

"என்னடா எழுதியிருக்கு?"

"அரியலூர் மாவட்டம், பெரியப்பா."

"பத்திரமா வச்சுக்க. எப்ப மாத்துவாங்கன்னு தெரியாது."