யாருக்காக அந்த அறை?



கணவரை இழந்த முதிய தாய்க்கென, தன் வீட்டை ஒட்டிச் சமையலறையும் குளியலறையும் கொண்ட சிறு குடியிருப்பு ஒன்றை அமைக்க மகன் விழைகிறான். சொந்த நிலம், சொந்தப் பணம். ஆயினும் கட்ட இயலவில்லை. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாநிலத்தில் நெடுங்காலம் நிலவிய நிலை இது. பல பகுதிகளில் ஒரு மனைக்கு ஒரு குடும்பமே என நகரங்கள் வரையறுத்திருந்தன. தனி அனுமதி கோரினால் பொது விசாரணை நிகழும். "தெருவில் வாகனம் நிறுத்த இடமில்லை" என அயலார் எழுந்து மறுத்தால், விண்ணப்பம் வீழ்ந்துவிடக்கூடும்.

2003 ஜூலை முதல் மாநிலச் சட்டம் அவ்விசாரணையை நீக்கியது. ஆயினும் பெரிய மனை வேண்டும், கூடுதல் வாகன இடம் வேண்டும் என நகரங்கள் பல நிபந்தனைகளை அடுக்கின. 2017-இல் அவற்றுள் சில தளர்த்தப்பட்டன. 2020 முதல், விதிக்கு இசைந்த முழுமையான விண்ணப்பத்தின் மீது 60 நாள்களுள் முடிவு கூறவேண்டும். தவறினால் ஒப்புதல் அளித்ததாகவே கொள்ளப்படும்.

அயலாரின் மறுப்பைச் சட்டம் விலக்கிவிட்டது. அவர்தம் மனக்கசப்பை விலக்க அதனால் இயலாது. எனவே வரைபடத்துடன் அலுவலகம் செல்லுமுன், மகன் அயல்வீட்டுக் கதவைத் தட்டுவது நன்று. நாமும் பிறர்க்கு அயலாரே. அடுத்த மனையில் புதுச்சுவர் எழக்கண்டு முகஞ்சுளிக்குமுன், அந்த அறை யாருக்காக என்று அன்புடன் வினவுவோமாக.