காற்றலை யாருடையது?

1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், ரசனையைக் கெடுக்கும் என்று சொல்லி அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்கினார். நேயர்கள் ‘திருந்தவில்லை’; வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். விளம்பரப் பணமும் கொழும்புக்குப் போனது. 1957இல் திரைப்பாடல்களை ஒலிபரப்பும் விவித் பாரதியைத் தொடங்கி அரசு இறங்கிவந்தது.

பாட்டில் பணிந்த அரசு செய்தியில் பிடியை விடவில்லை. காற்றலை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு ஒலிபரப்புக்குத் தன்னாட்சி தர 1990இல் நிறைவேறிய பிரசார் பாரதி சட்டமோ 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. பெயர் தன்னாட்சி, சம்பளப் பணம் அமைச்சகத்தின் வழியே. தனியார் பண்பலைகள் இன்றும் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க முடியாது. தனியார் தொலைக்காட்சிகளுக்கு இல்லாத தடை வானொலிக்கு மட்டும் ஏன்? அதை நீக்கட்டும், பிரசார் பாரதியின் நிதியையும் அமைச்சகத்தின் கையிலிருந்து விடுவிக்கட்டும்.