மிஸ் கமலாவை எழுதியவர்

தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை எடுத்தவர் வேலூர்க்காரர். 1885இல் வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார், சென்னையில் முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் உதிரி பாகங்கள் என்று வியாபாரம் செய்தவர். ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் ஒருவரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு, மில்லர்ஸ் சாலையில் இந்தியா ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கினார். 1917-18இல் ‘கீசக வதம்’ எடுத்தார். சில ஆண்டுகளில் ஸ்டுடியோ தீக்கிரையானது, மகனும் இறந்தார். அத்தோடு படத்தொழிலை விட்டு ஒதுங்கிவிட்டார்.

அந்தப் படத்தின் கதை என்ன? அஞ்ஞாதவாசத்தில் விராடன் அரண்மனைக்குப் பணிப்பெண்ணாகப் போகிறாள் திரௌபதி. அரசியின் தம்பி கீசகன் அவளை விடாமல் துரத்துகிறான். வேலைக்குப் போன இடத்தில், வேலை கொடுத்தவரின் உறவுக்காரன் தரும் பாலியல் தொல்லை. இன்றைய சட்டத்தின் மொழியில் சொன்னால் பணியிடத் துன்புறுத்தல். தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படமே இதைத்தான் கையில் எடுத்தது.

எழுதியவர்கள் யார் என்று பார்த்தால் ஒரு பெண் பெயர்கூட இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் யோசனை சொன்னார். அவருடைய நாடக மேடையில் பெண் வேடத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞர் ரங்கவடிவேலு திரைக்கதைக்கு உதவினார். காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்து அட்டைகளை எழுதியவர்களும் ஆண்களே. அக்காலத்தில் குடும்பப் பெண்கள் கேமரா முன் வரத் தயங்கியதால், சென்னை மௌனப் படங்களின் கதாநாயகி வேடங்களில் ஆங்கிலோ இந்தியப் பெண்கள் பலர் நடித்தார்கள். பெண்ணின் முகம் திரைக்கு வருவதே பெரும்பாடாக இருந்த காலத்தில், அவளுடைய சொல் வருவதற்கு யாரும் காத்திருக்கவில்லை.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் நிலைமை வேறு. ஹாலிவுட்டின் மௌனப் படங்களை எழுதியவர்களில் பெண்கள் திரளாக இருந்தார்கள். ஜூன் மேதிஸ், அனிதா லூஸ், ஃபிரான்சிஸ் மேரியன் என்று ஸ்டுடியோக்கள் தேடிப்போன பெயர்கள் உண்டு. திரையில் பேச்சு இல்லாததால் கப்பலேறி வந்தவர்களுக்கும் இடம் கிடைத்தது. உச்சரிப்பைக் கேட்டுக் கதவைச் சாத்த முடியாதல்லவா? ஸ்வீடனிலிருந்து வந்த விக்டர் ஷேஸ்ட்ரோம் இயக்க, ஃபிரான்சிஸ் மேரியன் எழுதி 1926இல் வெளிவந்தது ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’. அதன் நாயகன் லார்ஸ் ஹான்சன் படப்பிடிப்பில் ஸ்வீடிஷ் மொழியில் பேசினார், நாயகி லில்லியன் கிஷ் ஆங்கிலத்தில் பேசினார். பார்த்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பேசும்படம் வந்ததும் 1930இல் கிரேட்டா கார்போவின் குரலை உலகம் முதன்முதலில் கேட்ட ‘அன்னா கிறிஸ்டி’, அமெரிக்காவில் பிழைக்க வந்த ஸ்வீடன் நாட்டுக் குடும்பத்துப் பெண்ணின் கதை. அதற்கும் திரைக்கதை ஃபிரான்சிஸ் மேரியன்தான். அந்த ஆண்டு வந்த ‘தி பிக் ஹவுஸ்’ படத்துக்காக எழுத்துக்கான ஆஸ்கர் விருதை முதலில் பெற்ற பெண்ணும் அவரே.

நம்மிடம் அப்படி ஒருவர் இல்லை என்று முடித்துவிட முடியாது. இருந்தார். நாம்தான் அவரைச் சரியாக நினைவில் வைக்கவில்லை.

டி.பி. ராஜலட்சுமி 1911இல் திருவையாற்றில் பிறந்தவர். அப்பா கிராமக் கணக்குப்பிள்ளை. விவரம் தெரியாத வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள். அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. அப்பாவும் காலமாகிவிட, பிழைப்புக்கு வழியில்லாத அம்மாவும் மகளும் திருச்சிக்கு வந்து நாடகக் கம்பெனியின் வாசலில் நின்றார்கள். அப்போது அந்தப் பெண்ணுக்குப் பதினோரு வயதுதான் இருக்கும். மேடை அவரைத் தூக்கி நிறுத்தியது. 1929இல் ‘கோவலன்’ மௌனப் படத்தில் நடித்தார். குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் நிறைவேறியதும் அதே 1929இல்தான். அந்தச் சட்டம் பத்துப் பதினைந்து ஆண்டு முன்பே வந்திருந்தால் ராஜலட்சுமியின் குழந்தைப் பருவம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பிறகு பம்பாய். அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி, எச்.எம். ரெட்டி இயக்கத்தில் தயாரித்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. நாயகி ராஜலட்சுமி தமிழ் பேசினார், நாயகன் தெலுங்கு பேசினார். ஹான்சனின் ஸ்வீடிஷ் யார் காதிலும் விழவில்லை. இங்கே இரண்டு மொழியும் கொட்டகை முழுக்கக் கேட்டது, கூட்டமும் அலைமோதியது. ‘சினிமா ராணி’ என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

பெரும்பாலானவர்கள் அவர் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். முதல் தமிழ்ப் பேசும்படத்தின் கதாநாயகி என்பது பொது அறிவுத் தேர்வின் ஒரு மதிப்பெண் கேள்வியாகிவிட்டது. உண்மையில் அவர் செய்த பெரிய வேலை 1936இல் நடந்தது. ‘கமலவல்லி’ என்று அவரே எழுதிய நாவலை எடுத்து, அவரே கதை வசனம் எழுதி, ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்ற தம் சொந்தக் கம்பெனியில் தயாரித்து, இயக்கி, நடித்த படம் ‘மிஸ் கமலா’. விருப்பத்துக்கு மாறாகக் கட்டிவைக்கப்படும் ஒரு பெண்ணின் கதை அது. தாலி என்றால் என்னவென்று தெரியாத வயதில் தாலி ஏறிய ஒருவர், இருபத்தைந்து வயதில் அந்தக் கதையைத் தாமே எழுதிப் படமாக்குகிறார். பெரும்பாலும் புராணக் கதைக்கே பணம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு சமூகக் கதையில் தம் சொந்தப் பணத்தை இறக்குவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்று அவரைச் சொல்கிறோம். முதல் பெண் திரைக்கதாசிரியர் என்று சொல்ல ஏனோ நாக்கு எழுவதில்லை. இயக்கம் படப்பிடிப்புத் தளத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். எழுத்து வீட்டுக்குள் நடப்பது, கண்ணுக்குத் தெரியாதது. பெண் செய்யும் வேலைகளில் கண்ணுக்குத் தெரியாதது எப்போதும் கணக்கில் ஏறாமல் போகிறது.

அந்தக் காலத்தில் பெண்கள் எழுதத் தயங்கினார்கள் என்ற பேச்சையும் ஏற்பதற்கில்லை. வை.மு. கோதைநாயகி சரளமாக எழுதப் பழகாத நாளிலேயே, தோழி பட்டம்மாளிடம் வாயால் சொல்லி எழுதவைத்துத் தம் முதல் படைப்பை உருவாக்கியவர். அப்புறம் நூற்றுக்கு மேல் நாவல்கள், ‘ஜகன்மோகினி’ பத்திரிகை. சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றபோதும், உடனிருந்த பெண்கள் சொன்ன கதைகளைக் கேட்டு எழுதினார். அவருடைய ‘அநாதைப் பெண்’ 1938இல் படமானது. ஆக, சொல்வதற்குக் கதையும் இருந்தது, சொல்லத் தெரிந்த பெண்களும் இருந்தார்கள்.

இன்று ‘மிஸ் கமலா’வின் பிரதி இல்லை. ‘காளிதாஸ்’ இல்லை. ‘கீசக வத’மும் இல்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் முழுமையாக மிஞ்சியது திருவிதாங்கூர் கதையான ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான். இந்த இழப்பின் காரணத்தைத் தோல் தொழில் ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களுக்கு எளிதாக விளக்கிவிடலாம். படச்சுருளில் வெள்ளி உப்பைப் பிடித்து நிறுத்துவது ஜெலட்டின். அது மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து காய்ச்சி எடுப்பது. தோல் மண்டிக் கழிவில் வஜ்ஜிரம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பதப்படுத்தாத தோல் போலவே ஜெலட்டினும் ஈரத்தில் அழுகும், பூஞ்சை பிடிக்கும். அடிச்சுருளோ நைட்ரேட், சட்டென்று தீப்பற்றும். ஓடி முடிந்த படத்திலிருந்து வெள்ளியைப் பிரித்து விற்றவர்களும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் தொடங்கப்பட்டது. ராஜலட்சுமி காலமானது அதே 1964இல்.

இந்தப் பழங்கதை இன்று எதற்கு என்று கேட்கலாம். அதிகாலையில் ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நின்று பார்த்தால் விடை தெரியும். ஷூ கம்பெனி வேன்களுக்கும் பேருந்துகளுக்கும் காத்து நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் விற்கும் காலணிகளின் மேல்பாகத்தை வெட்டி, தைத்து, ஒட்டி, சரிபார்த்து அனுப்புபவர்கள். இப்பகுதி செய்தியில் வருவது ஏற்றுமதி குறைந்தால், பாலாற்றில் கழிவு கலந்தால், 2025 ஆகஸ்டில் வந்ததுபோல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டால். மற்றபடி வெளியூர்க்காரர்களுக்கு ஆம்பூர் என்றால் பிரியாணி. தன் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்தவள், சூப்பர்வைசரின் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசியவள், வேலையை விட்டால் கல்யாணம் செய்துவைத்துவிடுவார்களே என்று ஓவர்டைம் பார்ப்பவள், இவர்களெல்லாம் தமிழ்த் திரையில் எங்கே? விராடன் அரண்மனைப் பணிப்பெண்ணின் கதையை ஒரு வேலூர்க்காரர் நூறாண்டுக்கு முன்பே எடுத்துவிட்டார். இந்தப் பெண்களின் கதையை அவர்களே எழுதிப் பார்க்கவேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது.

எழுதினால் மதிப்பு உண்டு என்பதற்கு அண்மைய சான்று ‘சூரரைப் போற்று’. 2022இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் அதன் திரைக்கதைக்காக சுதா கொங்கராவும் ஷாலினி உஷா நாயரும் விருது பெற்றார்கள். ஹலிதா ஷமீம் போன்றவர்கள் தாமே எழுதி இயக்குகிறார்கள். ஆனால் இந்தப் பட்டியலை விரல் விட்டு எண்ணிவிட முடிகிறது என்பதுதான் வேதனை. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் படங்கள் வரும் மொழியில் இது போதவே போதாது. கதை விவாதம் நள்ளிரவு வரை ஓட்டல் அறைகளில் நடப்பதும், உதவியாளருக்குச் சம்பளமே இல்லாமல் ஆண்டுகள் ஓடுவதும், ஊரில் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. திறமைக் குறைவு என்று பழி சொல்வது அநியாயம்.

‘காளிதாஸ்’ படத்துக்கு 2031 அக்டோபரில் நூறு வயது ஆகிறது. கோடம்பாக்கத்தில் அலங்கார விளக்கும் மேடையும் கட்டாயம் இருக்கும். அதற்குள் செய்யவேண்டிய வேலை வேறு இருக்கிறது. ‘கமலவல்லி’ நாவல் கல்லூரிப் பாடத்தில் இடம்பெற வேண்டும். ‘மிஸ் கமலா’வின் பாட்டுப் புத்தகம், விளம்பரத் தாள், பத்திரிகை விமர்சனம் என்று எது மிஞ்சியிருந்தாலும் திரட்டி ஒரே இடத்தில் வைக்க வேண்டும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய பாட்டுப் புத்தகங்களைக் காத்துவருவது இதற்கு நல்ல தொடக்கம். சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம், நடராஜ முதலியார், ராஜலட்சுமி ஆகியோரின் பெயரில், உதவித்தொகையோடு ஒரு திரைக்கதைப் பயிலரங்கை நடத்தலாம். அது ஷூ கம்பெனிக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்க வேண்டும், வேன் வசதியோடு. அரசு தரும் திரைப்பட மானியத்தில் பெண்கள் எழுதிய திரைக்கதைக்கு ஒரு பங்கு ஒதுக்கினால், அப்படி எழுதப்படும் கதைகள் படமாவதற்கும் வழி பிறக்கும்.