மானுக்கு மரம் எதற்கு?

"அப்பா, காடு எங்கே?"

கோடியக்கரையில் என் பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன் இப்படிக் கேட்டான். எதிரே பரந்து கிடந்தது புல்வெளி. அவன் தகப்பனார் சொன்னார்: "இது வெறும் பொட்டல், தம்பி. நாலு மரம் வைத்திருந்தால் நன்றாக இருக்கும்."

நல்ல மனிதர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால், சொன்னது தவறு!

மரம் வைப்பது எப்படித் தவறாகும் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

ஒரு நாள் பயணம்

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது கோடியக்கரை. 1967-ம் ஆண்டு இதை வன விலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு வேதாரண்யத்தில் இருந்து காலையில் போனால் மாலையில் திரும்பி விடலாம்.

அங்கே புள்ளிமான் உண்டு. நரி உண்டு. குளிர் காலத்தில் பூநாரைகள் வரும். ஆனால் அந்த இடத்துக்கு ராஜா யார் தெரியுமா?

வெளிமான்!

ஆண் மானுக்கு மேலே கறுப்பு, வயிறு வெள்ளை. கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம். தலையில், கயிறு முறுக்கியது போல இரண்டு நீண்ட கொம்புகள். பெண் மானின் நிறம் பழுப்பு. இது நம் நாட்டு மண்ணுக்கு உரிய பிராணி.

கண்ணும் காலும்

வெளிமான் எப்படி உயிர் பிழைக்கிறது? கொம்பால் அல்ல. கண்ணாலும் காலாலும்தான்!

தூரத்தில் பகை வந்தாலே அதன் கண்ணுக்குத் தெரிந்து விடும். உடனே ஒரு மான் துள்ளும். அதைப் பார்த்து மற்ற மான்களும் துள்ளும். அடுத்த நிமிஷம் கூட்டமே காற்றாய்ப் பறக்கும்.

பார்க்கவும் வெளி வேண்டும். ஓடவும் வெளி வேண்டும். அதன் பெயரிலேயே 'வெளி' இருக்கிறதே!

கோடியக்கரையில் மரக்காடும் இருக்கிறது. அது இருக்க வேண்டியதுதான். ஆனால் வெளிமானுக்கு வீடு, புல்வெளி. அதில் மரத்தை வைப்பது, ஒருவர் வீட்டுக் கூடத்தில் முள்ளை வெட்டிப் போடுவது போல!

முள்ளின் படையெடுப்பு

முள் ஏற்கனவே வந்து விட்டது. அதன் பெயர் சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்த மரம். உப்பு மண்ணிலும் வளரும். மழை இல்லாவிட்டாலும் சாகாது. ஆடு, மாடு, குதிரைகள் அதன் காயைத் தின்கின்றன. சாணத்தோடு விதை விழுகிறது. விழுந்த இடத்தில் எல்லாம் முளைக்கிறது.

முள் வளர, புல் குறைகிறது. புல் குறைய, மானுக்கு இரை குறைகிறது. ஓட இடமும் குறைகிறது.

1972-ம் ஆண்டுச் சட்டம் மானைக் காக்கிறது. வேட்டைக்காரன் சட்டத்துக்குப் பயப்படுவான். முள் பயப்படுமா?

2018-ம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் வேதாரண்யக் கரையைச் சூறையாடியது. மான்களும் மாண்டன. புயல் ஒரே இரவில் போய்விட்டது. முள் போகவில்லை.

என்ன செய்யலாம்?

வன இலாகா முள்ளை அகற்றி வருகிறது. நல்ல காரியம். ஆனால் வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய கட்டை மறுபடியும் தளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். ஆண்டுதோறும் கன்றுகளையும் களைய வேண்டும்.

"அது ஏழைக்கு விறகு ஆயிற்றே?" என்பீர்கள். உண்மை. எத்தனையோ அடுப்புகள் அதனால் எரிகின்றன. ஆகவே, பிடுங்கும் வேலையைச் சுற்று வட்டாரத்து மக்களுக்கே கொடுக்கட்டும். விறகும் அவர்களுக்கே சேரட்டும். மானும் வாழும், அடுப்பும் எரியும்.

பார்க்கப் போகும் நமக்கும் கடமை உண்டு. ஹார்ன் அடிக்காதீர்கள். குரங்குக்குத் தின்பண்டம் வீசாதீர்கள். காகிதப் பையைப் போடாதீர்கள். முக்கியமாக, புல்வெளியைப் பார்த்து "பொட்டல்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். இன்று பொட்டல் என்று கேட்ட பிள்ளை, நாளை பெரியவன் ஆனதும் அங்கே மரம் நடத்தானே நினைப்பான்?

அன்று மாலை, ஒரு மான் கூட்டம் திடீரென்று துள்ளி ஓடியது. சிறுவன் கை தட்டினான்.

"அப்பா! அது ஓடுறதுக்குத்தான் இவ்வளவு இடமா?"

தகப்பனார் சிரித்துக்கொண்டே, "ஆமாம், தம்பி" என்றார்.

பையனுக்குப் புரிந்து விட்டது. நமக்குப் புரிய வேண்டாமா?