சாட்சி மூணு பேர். காத்திருப்பு 30 நாள்! ஒரகடம் பக்கம் ஒரு ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு ப்ளான் போடுவது எப்படி?

சினிமாவில் ரிஜிஸ்டர் கல்யாணம் ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும். ஹீரோவின் நண்பர்கள் ஓடிப்போய் மாலை வாங்கி வருவார்கள், ஹீரோயின் ஆட்டோவில் வந்து இறங்குவார், ஒரு கையெழுத்து, கைதட்டல், பாட்டு. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கும் பல இளைஞர்கள் அதை நம்பித்தான் ரிஜிஸ்டர் ஆபீஸ் படியேறுகிறார்கள். அங்கே போன பிறகுதான் தெரிகிறது, இது ஒரு நாள் வேலை இல்லை என்று.

கார், பைக், செல்போன் என்று நாட்டுக்கே பொருள் செய்து அனுப்பும் பகுதி இது. வேலை செய்பவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். தென் மாவட்டத்துப் பெண்ணும் வட மாவட்டத்துப் பையனும், தமிழ்ப் பெண்ணும் ஒடிசா பையனும் ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறார்கள். மனசு ஒத்துப்போனால் அடுத்த கேள்வி கல்யாணம். மண்டபம், மேளம், 500 பேருக்குச் சாப்பாடு என்று கடன் வாங்க மனமில்லாதவர்கள், 20 பேரோடு அழகாக முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். முடியும். ஆனால் புடவை எடுப்பதற்கு முன்பு போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

கோர்ட்டும் இல்லை, கூண்டும் இல்லை!

பேச்சு வழக்கில் ‘கோர்ட் மேரேஜ்’ என்கிறோம். நடப்பது கோர்ட்டில் இல்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில். இதில் இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதல் வழி, கல்யாணத்தை வெளியே முடித்துவிட்டு அலுவலகத்தில் பதிவு மட்டும் செய்வது. இருவரும் இந்துக்கள் என்றால், சாதி வேறாக இருந்தாலும், இந்த வழி போதும். 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ, ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று சொன்னாலோ கல்யாணம் செல்லும். புரோகிதர் கட்டாயம் இல்லை. இந்தக் கல்யாணம் ஊரறிய நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட்டில் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும்.

இரண்டாவது வழி, 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். மதம் வேறு, யாரும் மதம் மாற விரும்பவில்லை என்றால் இதுதான் வழி. ஒரே மதத்தைச் சேர்ந்தவர்களும் விரும்பினால் இதில் சேரலாம். அதிகாரி முன்னாலேயே கல்யாணம் நடக்கும். 30 நாள் கணக்கு வருவது இங்கேதான்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

நோட்டீஸ் கொடுக்கும் நாளுக்கு முன்பு, இருவரில் ஒருவராவது அந்த அலுவலக எல்லைக்குள் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசம். அது முடிந்த பிறகுதான் கல்யாணம். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் அந்த நோட்டீஸ் காலாவதி. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு கணக்குக்கு, ஜூன் 1-ம் தேதி நோட்டீஸ் ஒட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூலை முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசிக்குள் ஏதாவது ஒரு வேலை நாளைப் பிடிக்கலாம். நடுவில் ஆடி வருகிறதே என்றால், ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு ஆடியும் இல்லை, அஷ்டமியும் இல்லை. உங்கள் வீட்டுக்கு உண்டு என்றால் ஆனி கடைசியிலோ ஆவணி தொடக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் பால் மெக்கார்ட்னி 1969-ல் கல்யாணம் செய்துகொண்ட மேரிலிபோன் டவுன் ஹாலில் இன்றைக்கும் ஜோடிகள் வரிசையில் நிற்கிறார்கள். இங்கிலாந்தில் நோட்டீஸ் காலம் 28 நாள். நியூயார்க்கில் லைசென்ஸ் வாங்கி 24 மணி நேரம் காத்திருந்தால் போதும். காத்திருப்பு எங்கேயும் உண்டு, நமக்குக் கொஞ்சம் அதிகம்.

வயதுக்குச் சான்று, முகவரிக்குச் சான்று, போட்டோ, ஏற்கெனவே திருமணமானவர் என்றால் விவாகரத்து உத்தரவு அல்லது இறப்புச் சான்று தேவைப்படும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு முகவரிச் சான்றுதான் தலைவலி. ஆதாரில் ஊர் முகவரி, தங்குவது இங்கே. அதனால் லீவு போடுவதற்கு முன்பே அலுவலகத்துக்கு ஒரு நடை போய், எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

நோட்டீஸ் போர்டு சொல்வதற்கு முன்...

பலரும் கவனிக்காத விஷயம் இது. இங்கே வேலைக்காகத் தங்கியிருப்பவரின் நிரந்தர முகவரி வேறு ஊர் என்றால், நோட்டீஸின் நகல் அந்த ஊர் எல்லைக்குரிய அலுவலகத்துக்கும் போகும். அங்கேயும் ஒட்டப்படும். சின்ன ஊரில் ரிஜிஸ்டர் ஆபீஸ் போர்டைப் பத்திரம் எழுதுபவரிலிருந்து பக்கத்து வீட்டுச் சித்தப்பா வரை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் ஒரகடத்தில் லைனில் நின்றுகொண்டிருக்கும்போது, ஊரில் அம்மாவிடம் யாரோ ஒருவர், "உம் பொண்ணுக்குக் கல்யாணமாமே" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

கோபித்துக்கொள்வார்கள், அழுவார்கள், ஆனால் ஆபத்து இல்லை என்கிற வீடு என்றால், நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பு நீங்களே சொல்லிவிடுங்கள். போனில் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் நேரில் சொல்லுங்கள். கேட்ட உடனே சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் மற்றவர் வாயால் கேட்ட வலி இருக்காது. அந்த 30 நாளில் மனசு மாறி, கல்யாணத்தன்று காலையில் பஸ் ஏறி வந்துவிடும் அப்பாக்களும் உண்டு.

சொன்னால் உயிருக்கே ஆபத்து என்கிற வீடு என்றால், நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பு வக்கீலையோ இலவச சட்ட உதவியையோ (15100) நாடுங்கள். பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112. வயது வந்த இருவர் கல்யாணம் செய்துகொள்ள குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படிப்பட்ட ஜோடிகளின் பாதுகாப்புக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

ஆட்சேபம் என்று யார் வந்தாலும் கல்யாணம் நின்றுவிடாது. வயது போதாது, ஏற்கெனவே கணவனோ மனைவியோ இருக்கிறார், தடை செய்யப்பட்ட உறவுமுறை போன்ற சட்டக் காரணங்கள்தான் செல்லும். ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்பதும் ‘வேறு சாதி’ என்பதும் காரணமே இல்லை.

இனி, அழகு!

சட்டம் கேட்பது கொஞ்சம்தான். மூன்று சாட்சிகளும் அதிகாரியும் பார்க்க, ‘உன்னை என் சட்டப்படியான மனைவியாக, கணவனாக ஏற்கிறேன்’ என்று ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். இருவருக்கும் புரியும் எந்த மொழியிலும் சொல்லலாம். மாப்பிள்ளை ஒடிசா என்றால் அவர் ஒடியாவிலும் பெண் தமிழிலும் பேசிப் பழகிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியை முன்னாடியே மனப்பாடம் செய்யுங்கள், அன்றைக்குப் பதற்றத்தில் வராது. அதற்கு மேல் தாலி, மோதிரம், மாலை எல்லாம் உங்கள் விருப்பம். கூடுதல் கட்டணம் கட்டினால், நியாயமான தூரத்தில் இருக்கும் வேறு இடத்துக்கே அதிகாரி வந்து நடத்தித் தரவும் சட்டத்தில் இடம் உண்டு.

உடைக்குக் காஞ்சிபுரம் பக்கத்திலேயே இருக்கிறது. கனத்த பட்டு வேண்டாம். வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும், வியர்க்கும். மெல்லிய ஜரிகைக் கரை போட்ட புடவை போதும். அடுத்த பொங்கலுக்கும் கட்டலாம். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டையே கம்பீரம்தான்.

சாட்சிகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஷிஃப்ட் பாருங்கள். மூன்று பேருக்கும் ஒரே ஷிஃப்ட் என்றால் ஒரே நாளில் லீவு கிடைக்காது. நான்காவதாக ஒருவரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அசல் அடையாள அட்டையோடு வர வேண்டும். விருந்தை மதியம் வைத்தால், இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் தூங்கி எழுந்து வருவார்கள்.

போட்டோவுக்கு ரிசார்ட் தேடி அலைய வேண்டாம். முதன்முதலில் பேசிக்கொண்ட பஸ் ஸ்டாப், டீக்கடை பெஞ்சு போதும். பிள்ளைகளிடம் காட்டிக் கதை சொல்ல அதுதான் உதவும். அலுவலகத்துக்குள் கையெழுத்துப் போடும்போது எடுப்பதற்கு மட்டும் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் வந்த பிறகு

சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். கல்யாணத்துக்கு முன்பு பி.எஃப். கணக்கில் அண்ணனையோ நண்பரையோ நாமினியாகப் போட்டிருந்தால், கல்யாணத்தோடு அது செல்லாததாகிவிடும். புதிதாகப் போட வேண்டும். இ.எஸ்.ஐ-யில் துணைவர் பெயரைச் சேர்த்தால்தான் அவருக்கும் சிகிச்சை கிடைக்கும். கலப்புத் திருமணம் என்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான அரசு நிதியுதவித் திட்டத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஆக, ரிஜிஸ்டர் கல்யாணத்தில் மிச்சமாவது பணம். செலவாவது நாள். அந்த 30 நாளை லீவு லெட்டருக்கும் ஜாக்கெட் தைக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளாமல், ஊருக்கு ஒரு தடவை போய்வரவும் ஒதுக்கிவிட்டால், கல்யாணத்தன்று கைதட்ட இன்னும் இரண்டு பேர் கூடுதலாக இருக்கலாம்.