தகுதியானவர் கிடைக்கவில்லையா, தேடவில்லையா?

புது தில்லி: கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை. அதைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழகம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்துடன் இணைந்தது; திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. அண்ணன் வீடு ஒரு மாநிலம், தம்பி வீடு மறு மாநிலம் என்பது இக்கிராமங்களில் வியப்புக்குரியதன்று. ஒரே சமூகத்துக்கு இரு மாநிலப் பட்டியல்கள். கேரள அரசுப் பணிகளில் இந்து நாடாருக்கு 1 சதவீதம், எஸ்.ஐ.யு.சி. நாடாருக்கு 1 சதவீதம் எனச் சபைவாரிப் பிரிவு வேறு. பிற சபைகளின் கிறிஸ்தவ நாடார்களையும் சேர்க்க மாநில அரசு 2021-ல் முடிவெடுத்தபோது, அது உயர் நீதிமன்றப் படியேறியது.

இந்த எல்லைக்கோடு பொருளற்றுப் போகும் இடம் ஒன்று உண்டு. அது மத்தியக் கல்வி நிறுவனங்கள். கோழிக்கோட்டிலோ திருச்சியிலோ உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தில் (ஐ.ஐ.எம்.) ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, மத்தியப் பட்டியலில் இடம்பெற்ற பாறசாலைப் பட்டதாரியும் களியக்காவிளைப் பட்டதாரியும் ஒரே 27 சதவீதத்தின் கீழ் வருகிறார்கள். காகிதத்தில் மட்டும்.

மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டுச் சட்டம் 2019 ஜூலையில் நிறைவேறியது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உள்ளிட்ட எட்டு ஆய்வு நிறுவனங்களுக்கும் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் மட்டுமே அது விலக்களித்தது. (அந்த எட்டில் ஒன்றான விண்வெளி இயற்பியல் ஆய்வகம், நெய்யாற்றின்கரைக்கு அருகே திருவனந்தபுரத்தில்தான் உள்ளது.) ஐ.ஐ.எம்.களின் பெயர் அதில் இல்லை. சட்டம் வந்த சில மாதங்களிலேயே தங்களையும் அப்பட்டியலில் சேர்க்குமாறு அவை மத்திய அரசிடம் கூட்டாகக் கேட்டன. அதுவரை அறிவியல், தொழில்நுட்பப் பணிகளுக்கான 1975-ஆம் ஆண்டு விலக்கு ஆணை ஒன்று அவற்றுக்குக் கேடயமாக இருந்தது. சந்தைப்படுத்தலும் கணக்கியலும் எந்த வகையில் அணு ஆய்வுக்கு நிகரான பணிகள் என்பதை எவரும் விளக்கியதில்லை.

எப்போதும் சொல்லப்படும் வாதம் தகுதி. உயர்தர ஆய்விதழ்களில் கட்டுரை, பெயர் பெற்ற நிறுவனத்தின் முனைவர் பட்டம், பள்ளி முதல் முதல் வகுப்பு ஆகியவை கேட்கப்படுகின்றன. கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த முனைவர் பட்டத்தை வழங்குவதும் பெரும்பாலும் இதே நிறுவனங்கள்தாமே! மாணவர் சேர்க்கையில் ஒதுக்கீட்டுச் சட்டம் 2006-ல் வந்தது; 2008-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1971-லேயே ஆய்வுப் படிப்பைத் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம்., அதில் ஒதுக்கீட்டை 2025 முதல் நடைமுறைப்படுத்துவதாக குஜராத் உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது 2024-ல்தான். நாற்றங்காலைப் பூட்டி வைத்துவிட்டு வயலில் பயிர் இல்லை என்பது என்ன நியாயம்?

இது சில நூறு வேலைகளின் பிரச்சினை மட்டுமல்ல. நெய்யாற்றின்கரை வட்டத்திலுள்ள பாலராமபுரத்தில் கைத்தறி நெசவை வேரூன்றச் செய்தவர்கள், திருவிதாங்கூர் அரசு தமிழகத்திலிருந்து வரவழைத்த சாலியர்கள். 2009-ல் அத்துணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மேலாண்மை வகுப்பில் கைத்தறி என்றால் வழக்கமாகப் பேசப்படுவது வணிகப் பெயரும் இணையச் சந்தையும். நூல் விலை, இடைத்தரகர் கடன், தறிக்குழியில் அமர்ந்தவரின் நாட்கூலி ஆகியவை பாடமாவது, அவற்றை அறிந்த ஒருவர் கரும்பலகை அருகே நிற்கும்போதுதான்.

2021 செப்டம்பரில் நிலுவைப் பணியிடங்களை ஓராண்டுக்குள் நிரப்பும் இயக்கத்தை மத்தியக் கல்வி அமைச்சகம் அறிவித்தது. சிறப்பு அறிவிக்கைகள் வந்தன. ஆனால் அறிவிக்கை நியமனமாகிவிடாது. நேர்காணல் முடிவில் ‘பொருத்தமானவர் எவருமில்லை’ என்று ஒரு வரி எழுதினால் இடம் மீண்டும் காலி. 2023-ல் சட்டத்தைத் திருத்தி, குடியரசுத் தலைவரை ஐ.ஐ.எம்.களின் பார்வையாளராக்கி, இயக்குநர் நியமனத்தில் கைவைக்கத் தயங்காத மத்திய அரசு, இந்த ஒரு வரியைக் கேள்வி கேட்க மட்டும் ‘தன்னாட்சி’ என்று ஒதுங்குகிறது. ஒவ்வொரு ஐ.ஐ.எம்.மிலும் அவ்வரி எத்தனை முறை, எந்தப் பிரிவினருக்கு, எந்தக் காரணத்துக்காக எழுதப்பட்டது என்ற விவரத்தை நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் வைக்குமாறு கேரள, தமிழக உறுப்பினர்கள் கூட்டாக வற்புறுத்த வேண்டும்.