கிகாஹெர்ட்ஸ் பைத்தியம்

கேம் ஆட ஐ9-14900கே தான் வேணும்னு அடம்பிடிக்கும் மக்களே, கொஞ்சம் பொறுங்க. 6 கிகாஹெர்ட்ஸ், சரி. ஓரிரு கோர்ல மட்டும்தானே! எல்லா கோரும் மும்முரமா ஓடினா 253 வாட் வரைக்கும் போகும்னு இன்டெலே சொல்லுது. அது சிப்பா, அடுப்பா?

2023ல வந்த ரைசன் 7 7800எக்ஸ்3டி வெறும் 8 கோர். பல கேம்கள்ல இதுதான் முந்துது, அதுவும் ஏறக்குறைய பாதி மின்சாரத்துல. காரணம் 96 எம்பி எல்3 கேஷ். வேண்டிய டேட்டா பக்கத்துலயே இருந்தா ராம் வரைக்கும் எதுக்கு ஓடணும்?

குறை இல்லாம இல்லை. கேஷை கோர் தலைமேல அடுக்கினதால சூடு வெளியேற கஷ்டம், ஓவர்கிளாக்கிங்குக்கும் பூட்டு. 2024ல 9800எக்ஸ்3டி-ல கேஷைக் கீழே தள்ளி, பூட்டையும் திறந்துட்டாங்க.

இன்டெல்லோ 13, 14ஆம் தலைமுறை சிப்புகள் வோல்டேஜ் ஏறிக் கெட்டதுக்கு 2024ல மைக்ரோகோட் திருத்தமும் கூடுதலா 2 வருஷ வாரண்டியும் கொடுத்தது. கம்பெனியே கடைசி சொட்டு வரை பிழிஞ்சு வித்தா, நாம ஓவர்கிளாக் பண்ண என்ன மிச்சம்? (2004ல பிரெஸ்காட் பென்டியம் 4 சூடேறி, 4 கிகாஹெர்ட்ஸ் கனவைக் கைவிட்ட கதை மறந்துபோச்சா? :))

ரெண்டரிங் பண்றவங்க 24 கோர் வாங்கட்டும், சண்டையே இல்லை. வெறும் கேம்தான்னா, மிச்சக் காசை கிராபிக்ஸ் கார்டுல போடுங்க சாமி!